ஊதிப் பார்க்கிற டெஸ்டுக்குப் போகும் முன்

நம்ம மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மூச்சு வாங்குகிறது என்று சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நாலு படி ஏறினால் நின்று இளைக்கிறவர்கள், பனி இறங்கியதும் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே விடியவைக்கிறவர்கள், வருசத்தில் பல தரம் வாட்டில் படுத்து வருகிறவர்கள் என்று ஒவ்வொரு லயத்திலும் ஆள் உண்டு. என்ன வருத்தம் என்று கேட்டால் "வீசிங்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எக்ஸ்ரே எடுத்தாச்சா என்றால் எடுத்தாச்சு, சளி குடுத்தாச்சா என்றால் குடுத்தாச்சு, ஈசிஜி கூட எடுத்தாச்சு. ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுத்தீங்களா என்று கேட்டால் மட்டும் "அது என்னா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

ஸ்பைரோமெட்ரி என்று டொக்டர்மார் துண்டில் எழுதுகிற அந்த டெஸ்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, மஸ்கெலியாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் அம்மாவுக்கும் பிறகு தம்பிக்கும் இந்த டெஸ்டுக்காக அலைந்ததில் பார்த்ததையும், டொக்டர்களிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். இரத்தம் குத்தி எடுப்பது மாதிரி நாம் சும்மா உட்கார்ந்திருக்க நடக்கிற டெஸ்ட் இல்லை இது. நாம் எப்படி ஊதுகிறோமோ அதைத்தான் மெஷின் எழுதும். அரைகுறையாக ஊதினால் அரைகுறை நம்பர் வரும், அந்த நம்பரை நம்பி மருந்து தருவார்கள். அதனால் போவதற்கு முன்னாலேயே சில விசயங்கள் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அது என்ன அளக்கிறது என்று பார்ப்போம். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஒரு குழாயில் வாயை வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து வெளியே தள்ளி, காற்று தீரும் வரை விடாமல் ஊத வேண்டும். முழுவதுமாக வெளியே வந்த காற்று எத்தனை லீற்றர் என்பது ஒரு கணக்கு, அதை எஃப்விசி என்று ரிப்போர்ட்டில் போடுவார்கள். அதில் முதல் ஒரு செக்கனுக்குள் மட்டும் எவ்வளவு வந்தது என்பது இன்னொரு கணக்கு, அது எஃப்இவி1. இரண்டாவதை முதலாவதால் வகுத்து வருகிற விகிதத்தில்தான் பாதி விசயம் இருக்கிறது. மூச்சுக்குழாய் நன்றாகத் திறந்திருந்தால் காற்றில் பெரும்பங்கு அந்த முதல் செக்கனிலேயே வெளியே வந்துவிடும். குழாய் சுருங்கியிருந்தால் காற்று மெல்ல மெல்லத்தான் கசியும், விகிதம் இறங்கிவிடும். குழாயைத் திறக்கிற மருந்து கொடுத்த பிறகும் விகிதம் 0.70க்குக் கீழேயே நின்றால், ஆளுடைய வருத்தத்தையும் புகை, தூசு பட்ட கதையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு சிஓபிடி என்கிற நாட்பட்ட சுவாசத்தடை நோய் என்று சொல்வார்கள். மருந்து கொடுத்ததும் அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம் யோசிப்பார்கள்.

இதை எக்ஸ்ரே சொல்லாது. படம் 'கிளியர்' என்று சொன்னதும் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு வருகிறோம், ஆனால் குழாய் சுருங்கியிருப்பது படத்தில் தெரியாமலே இருக்கலாம். கொரோனா காலத்தில் எல்லாருக்கும் பழகிப்போன, விரலில் மாட்டுகிற அந்தச் சின்ன மெஷினும் இதைச் சொல்லாது. அது இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று மட்டும் காட்டும். குழாய் பாதி அடைபட்ட ஆளுக்கும் அதில் 95, 96 என்று வரலாம். இன்னொரு பக்கம், நுவரெலியா மாதிரி 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊரில் நல்ல சுகமான ஆளுக்கே கொழும்பை விட ஒன்றிரண்டு புள்ளி குறைவாகக் காட்டலாம். விரல் மெஷினை வைத்துக்கொண்டு நுரையீரல் நல்லதா கெட்டதா என்று நாமாகத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எங்கள் அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 10க்கு 12 அடி லயக் காம்பராவோடு ஒட்டின குசினியில், புகைக்கூடு இல்லாத அடுப்பில் சமைத்தவர். மழைக்காலத்தில் ஈர விறகு. தேயிலை மிலாறும் சவுக்கும்தான் விறகு, அது எரிவதை விடப் புகைவதுதான் அதிகம். இடையில் கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தோம், 2022ல் கேஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது திரும்பவும் விறகுக்கே போய்விட்டார். சிகரெட் குடிக்காத பெண்ணுக்கு எப்படி சிஓபிடி வரும் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் அந்தக் குசினியைத்தான் காட்டுவேன். விறகுப் புகை சிஓபிடிக்கு ஒரு பெரிய காரணம் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விசயம், அதில் சந்தேகமே இல்லை.

ஆனாலும் வருசக்கணக்காக அம்மாவின் கிளினிக் கொப்பியில் 'ஆஸ்துமா' என்றுதான் இருந்தது. மூச்சுக்குழாயைத் திறக்கிற சல்பியூட்டமோல் மாத்திரை குடித்துக் குடித்துக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போய் நெபியுலைஸ் பண்ணிக்கொண்டு வருவார், இரண்டு நாள் சுகம், மறுபடியும் அதே கதை. கடைசியில் புதிதாக வந்த ஒரு இளம் டொக்டர் கொப்பியை முன்பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு இதுவரைக்கும் யாரும் ஊதிப் பார்க்கலையா?" என்று கேட்டு, மார்பு நோய் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். யாராவது எழுதித் தரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாமே மரியாதையாகக் கேட்கலாம்: "டொக்டர், ஸ்பைரோமெட்ரி ஒருக்கா செஞ்சு பார்க்கலாமா?" கேட்டதற்காக என்னிடம் யாரும் கோபித்ததில்லை.

அங்கே போனதும் முதலில் சளிப் பரிசோதனைக்குத்தான் அனுப்பினார்கள். மூச்சுக்கு வந்தால் சயரோகத்துக்கு எதற்குப் பார்க்கிறார்கள் என்று அம்மாவுக்குக் கோபம், அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று பயம் வேறு. காரணம் நியாயமானது. சயரோகம் இருக்கிற ஆள் பலமாக ஊதினால் அந்த அறையில் இருக்கிறவர்களுக்குக் கிருமி பரவக்கூடும். நீண்ட நாள் இருமல் இருக்கிறவர்களுக்கு முதலில் அது இல்லை என்று உறுதிப்படுத்திவிட்டுத்தான் ஊத விடுவார்கள். அதற்குள் சலித்துப்போய்த் திரும்பி வந்துவிடாதீர்கள்.

அடுத்தது பம்ப் (இன்ஹேலர்) விசயம். டெஸ்ட் நாளன்று எங்களுக்கு முன்னால் இருந்த ஐயா பொகவந்தலாவையிலிருந்து இருட்டோடு பஸ் ஏறி வந்தவர். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார், காலையில் பம்ப் அடித்துவிட்டு வந்ததால் இன்னொரு நாள் வரச் சொன்னார்களாம். அவருக்கு முன்கூட்டியே யாரும் அதைச் சொல்லவில்லை. மருந்து குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது ஊதினால் உண்மையான நிலை தெரியாது என்பதற்காகத்தான் சில மருந்துகளை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். உடனே வேலை செய்கிற சல்பியூட்டமோல் என்றால் 4 முதல் 6 மணித்தியாலம், இப்ராட்ரோபியம் என்றால் 12 மணித்தியாலம், சல்மெட்ரோல், ஃபோர்மொட்ரோல் மாதிரி நீண்ட நேரம் நிற்கிற மருந்து கலந்த பம்ப் என்றால் 24 மணித்தியாலம், டியோட்ரோபியம் மாதிரியான சிலதுக்கு ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை. ஆனால் ஏற்கெனவே நோய் கண்டுபிடித்து, மருந்து எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட் என்றால் நிறுத்தாமலே வரச் சொல்லவும் கூடும். அதனால் திகதி தரும்போதே கொப்பியைக் காட்டி, "இதில எதை எத்தனை மணிக்கு நிப்பாட்டணும்?" என்று கேட்டு, பதிலை அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை வழியில் மூச்சு முட்டினால் பம்பை அடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. அடித்துவிட்டு, எத்தனை மணிக்கு அடித்தோம் என்று போய்ச் சொல்ல வேண்டும். டெஸ்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

காலையில் வேறு சில சின்னச் சின்னக் காரியங்கள் இருக்கின்றன. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஊத முடியாது, கொஞ்சமாகச் சாப்பிட்டுப் போகலாம். சிகரெட் குடிக்கிறவர்கள் கடைசி ஒரு மணித்தியாலத்துக்காவது தொடக் கூடாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டில் ஏறி ஓடிவந்த வேகத்தில் உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நம்ம பெண்கள் ரவிக்கையை இறுக்கித்தான் போடுவார்கள், அதற்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே சால்வை. நெஞ்சு விரிய இடம் வேண்டும், தளர்வான உடுப்பில் கூட்டிப் போங்கள். வெற்றிலை போடுகிற பழக்கம் இருந்தால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுத்தான் குழாயை வாயில் வைக்க வேண்டும். பாக்குத் துண்டு தொண்டையில் ஏறினால் ஒரே இருமல்தான், முதல் செக்கனில் இருமினால் அந்த ஊதல் கணக்கில் சேராது. பல்செட் இறுக்கமாக இருந்தால் போட்டுக்கொண்டே ஊதலாம், ஆடினால் கழற்றிவிடுங்கள்.

வயதான பெண்கள் வெட்கத்தில் சொல்லாமல் மறைக்கிற ஒன்றும் உண்டு. பலமாக ஊதும்போது சிறுநீர் கசிந்துவிடும். அந்தப் பயத்தில் அவர்கள் பாதி பலத்தோடுதான் ஊதுவார்கள், ஏன் ஒழுங்காக ஊத மாட்டேன் என்கிறார் என்று வெளியே நிற்கிற நமக்குப் புரியாது. உள்ளே போகும் முன் கட்டாயம் கக்கூசுக்கு அழைத்துப் போய்விட்டு வாருங்கள், ஒரு துணியும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வரிசையில் இருந்த ஒரு அக்கா இதை அம்மாவின் காதில் சொன்னார். அவருக்கு இன்றைக்கும் நன்றி.

உள்ளே போனதும் பெயர், வயது, உயரம் கேட்பார்கள். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது, ஏனென்றால் நம்முடைய அளவை மெஷின் ஒரு எதிர்பார்க்கிற அளவோடு ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று போடுகிறது. அந்த எதிர்பார்க்கிற அளவு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் வருகிறது. இந்த மெஷினின் முதல் வடிவத்தை 1846ல் அறிமுகப்படுத்திய ஜோன் ஹட்சின்சன் என்ற இங்கிலாந்து மருத்துவர், 2,000க்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்துப் பார்த்துவிட்டு, உயரம் கூடக் கூட நுரையீரலிலிருந்து வருகிற காற்றும் கூடுகிறது என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் கணக்கு அதைச் சுற்றித்தான். அம்மா மாதிரிக் குள்ளமான ஒருவருக்கு 5 சென்ரிமீற்றர் கூட்டிப் போட்டாலே எதிர்பார்க்கிற அளவு 100 மில்லிலீற்றருக்கு மேல் கூடிவிடும், இருப்பதை விட நோய் மோசமாகத் தெரியும்.

பழைய கொப்பியில் இருக்கிற உயரத்தைப் பார்த்து எழுதப் போனால், செருப்பைக் கழற்றிவிட்டு இப்போது அளந்து பாருங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்தே முதுகு வளைந்துபோன அம்மாமார் எத்தனை பேர்! அவர்களை நிற்க வைத்து அளந்தால் உண்மையான உயரம் வராது. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மற்ற விரல் நுனி வரை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிற முறை இருக்கிறது. எங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள், அதுவும் டெஸ்ட் எடுக்கிற மிஸ்ஸே முதுகைப் பார்த்துவிட்டுச் செய்தது. வயதும் அப்படித்தான். பிறப்புப் பதிவு இல்லாமல், பிரஜாவுரிமைக்கு அலைந்து, பிற்காலத்தில் அடையாள அட்டை எடுத்த தலைமுறை அது, அட்டையில் இருக்கிற வருசம் பலருக்கு மதிப்பாகப் போட்டதுதான். ஐந்து வருசத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும் என்று வீட்டில் தெரிந்தால் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

இனி ஊதுகிற விசயத்துக்கு வருவோம். கதிரையில் நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கில் ஒரு கிளிப் போட்டு, குழாயைக் கையில் கொடுத்தார்கள். அம்மா முதல் தரம் ஊதினதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, கன்னத்தை உப்பிக்கொண்டு, ஊதாங்குழலில் அடுப்பை ஊதுகிற மாதிரியே ஊதுகிறார் என்று. பாவம், அவருக்குத் தெரிந்த ஊதல் அதுதானே! அடுப்புக்கு உதட்டைக் குவித்து, கன்னத்தில் காற்றைப் பிடித்து, அளவாக, விட்டு விட்டு ஊதினால் போதும். இங்கே நெஞ்சிலிருந்து ஒரே அடியாக வெடித்து வர வேண்டும், பிறகு நிறுத்தாமல் கடைசிச் சொட்டுக் காற்று வரை தள்ள வேண்டும், பெரியவர்களுக்கு ஆறு செக்கனுக்கு மேலேயே போகும். குழாயைச் சுற்றி உதடு இறுக மூடியிருக்க வேண்டும், நாக்கு ஓட்டையை மறைக்கக் கூடாது.

அங்கே இருந்த மிஸ் நல்லவர், பொறுமையானவர், ஆனால் சிங்களம் மட்டும்தான் கதைப்பார். "பிம்பின்ன, பிம்பின்ன, தவ, தவ, தவ!" (ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்) என்று உற்சாகமாகத்தான் சத்தம் போட்டார். அம்மா அந்தச் சத்தத்தில் திட்டுகிறார் என்று நினைத்து பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் போய் நின்று தமிழில் சொல்லத் தொடங்கினேன். "நல்லா இழுங்க, இன்னும் இழுங்க, இன்னும்... இப்ப வெடிச்சு ஊதுங்க! விடாதீங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு, தள்ளுங்க, தள்ளுங்க!" அடுத்த ஊதலிலேயே திரையில் கோடு வேறு மாதிரி எழும்பியது. மிஸ் சிரித்துக்கொண்டே கட்டைவிரலைக் காட்டினார். ஊதும்போது பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்துவது டெஸ்டின் ஒரு பாகம்தான், சர்வதேச வழிகாட்டல்களிலேயே அது இருக்கிறது. அந்த உற்சாகம் ஊதுகிற ஆளுக்கு விளங்குகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதை நான் எந்த இடத்திலும் அடித்துச் சொல்வேன். சிங்களம் விளங்காத பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போகிறவர் உள்ளேயும் வரலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மலையகத்தில் தமிழர்கள் இத்தனை பேர் இருக்கிற இடத்தில் இந்தக் கட்டளைகளைத் தமிழில் சொல்ல ஒருவராவது எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும், அது சலுகை இல்லை.

முதல் நாள் இரவே வீட்டில் ஒன்றிரண்டு தரம் சொல்லிக் காட்டுவதும் உதவும். பலமாக ஊத வைத்துக் களைக்க வைக்க வேண்டாம். முழுசாக இழுக்கிறது, வெடித்துத் தள்ளுகிறது, கடைசி வரை விடாமல் பிடிக்கிறது, இந்த மூன்றும் என்ன என்று புரிந்தால் போதும்.

ஒரு தரம் ஊதினால் முடியாது. சரியாக வந்த ஊதல் குறைந்தது மூன்று வேண்டும், அதில் பெரிய இரண்டுக்கும் இடையில் 150 மில்லிலீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, அது வரும் வரை எட்டுத் தரம் வரைக்கும் கூட ஊத வைப்பார்கள். அம்மாவுக்குத் தலை சுற்றியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது என்றார். அது பலருக்கும் நடக்கிறது, நடுவில் ஓய்வு கேட்டால் தருவார்கள். சும்மா இழுத்தடிக்கிறார்கள் என்று நினைத்து அவசரப்படுத்தாதீர்கள். அடுத்தடுத்து ஊதியதும் ஒரே மாதிரி வந்தால்தான் அது அந்த ஆளின் உண்மையான அளவு என்று நம்பலாம். முதல் ஊதலோடு 'சரி, போங்க' என்று அனுப்பிவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

அதன் பிறகு பம்பில் ஸ்பேசர் என்கிற கூடு மாட்டி சல்பியூட்டமோல் நாலு பஃப் கொடுத்து, கால் மணித்தியாலம் வெளியே உட்கார வைத்து, திரும்பவும் ஊத வைத்தார்கள். சிலர் மருந்து வாங்கியதும் முடிந்தது என்று எழும்பிப் போய்விடுகிறார்கள், இரண்டாம் பாதி இல்லாமல் ரிப்போர்ட்டுக்குப் பாதிப் பெறுமதிதான்.

அம்மாவின் ரிப்போர்ட்டில் மருந்துக்கு முன் எஃப்இவி1 0.86 லீற்றர், மருந்துக்குப் பிறகு 0.92. ஏறினது 60 மில்லிலீற்றர்தான். எஃப்விசி 1.68, விகிதம் 0.55. டொக்டர் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். மருந்துக்குப் பிறகு 200 மில்லிலீற்றரும் 12 வீதமும் ஏறியிருந்தால் குழாய் திறக்கிறது என்று சொல்வார்கள், புதிய வழிகாட்டலில் எதிர்பார்க்கிற அளவின் 10 வீதத்துக்கு மேல் ஏறுவதைப் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு கணக்கிலும் வரவில்லை. எதிர்பார்க்கிற அளவில் 57 வீதம் இருந்ததால் நடுத்தர நிலை. 80க்கு மேல் இலேசு, 50லிருந்து 79 நடுத்தரம், 30லிருந்து 49 கடுமை, அதற்குக் கீழே மிகக் கடுமை என்று பிரிப்பார்களாம். நம்பர் மட்டுமில்லாமல், ஊதின வேகத்தை மெஷின் வரைகிற வளைகோட்டையும் பார்க்கச் சொன்னார். நல்ல நுரையீரலில் உச்சிக்குப் போய்விட்டு ஏறக்குறைய நேராக இறங்குகிற கோடு, அம்மாவுடையதில் உள்பக்கம் குழிந்து இறங்குகிறது.

வருசக்கணக்கான 'ஆஸ்துமா' அன்றைக்குச் சிஓபிடி ஆனது. மாத்திரையை நிறுத்திவிட்டு, நீண்ட நேரம் குழாயைத் திறந்து வைக்கிற பம்ப் தந்தார்கள், அதை இழுக்கிற முறையை மிஸ் செய்து காட்டி, அம்மாவையும் செய்து காட்டச் சொன்னார். அம்மாவின் கை நடுக்கம் போனது எங்கள் எல்லாருக்கும் பெரிய ஆறுதல். மூச்சு முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அது ஆகாது. ஆனால் வாட்டில் படுப்பது குறைந்திருக்கிறது. குசினிக் கூரையில் தகரம் வைத்துப் புகைக்கூடும் போட்டோம், இப்போது விறகு மூட்டுவது நானோ தம்பியோதான்.

தம்பியின் கதை நேர்மாறு. அவனுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபெக்டரியில், தூள் சலிக்கிற இடத்தில் வேலை. அங்கே தேயிலைப் பஞ்சு பறந்து கண் இமையில் கூடப் படிந்திருக்கும். ராத்திரியில் இருமல், விடியற்காலையில் நெஞ்சில் விசில் சத்தம். அம்மாவுக்குப் பலன் கிடைத்ததைப் பார்த்து அவனையும் கூட்டிப் போனோம், தீபாவளி லீவில். ரிப்போர்ட் நோர்மல். "பாத்தியா அக்கா, ஒண்ணும் இல்ல" என்றான். டொக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்துமாவில் குழாய் சுருங்குவதும் திறப்பதும் மாறி மாறி நடக்கும், திறந்திருக்கிற நேரத்தில் ஊதினால் நோர்மல் என்றுதான் வரும், அதுவும் தூசு படாத லீவு நாளில் வந்திருக்கிறாய் என்றார்.

அவர் சொல்லி நாங்கள் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய் ஒன்று வாங்கினோம். கரண்ட் வேண்டாம், ஊதினால் ஒரு முள் நகரும், அவ்வளவுதான். மூன்று தரம் ஊதி அதில் பெரியதை எழுத வேண்டும். சாதாரணமாகக் காலையும் மாலையும் எழுதினால் போதும். வேலையால் வருகிறதா என்று பார்க்க ஒரு நாளைக்கு நாலு தரம், வேலை நாளும் லீவு நாளும் சேர்த்துச் சில கிழமை எழுதச் சொன்னார். பக்கத்திலேயே அன்றைக்கு எந்த இடத்தில் வேலை, பம்ப் அடித்தானா என்பதையும் எழுத வேண்டும். லீவு நாளில் 490ஐத் தொட்டது, சலிக்கிற இடத்தில் நிற்கிற கிழமையில் ராத்திரி 370க்கு இறங்கியது. அந்தக் கட்டம் போட்ட தாளை விரித்ததும் டொக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை.

தேயிலைத் தூசுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பு நம்ம நாட்டிலிருந்தே வெளியே தெரியவந்த விசயம்தான். இலங்கையின் மார்பு நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட 1970ல் தேயிலை தயாரிக்கிறவருக்கு வருகிற ஆஸ்துமா பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார், 1980ல் தேயிலைத் தொழிலாளர்களின் சுவாச நோய் பற்றியும் எழுதினார். அத்தனை வருசத்துக்கு முன்னால் எழுதப்பட்டது இன்னும் ஸ்டோரில் நிற்கிற பிள்ளைகளின் காதுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. தம்பி டொக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, இப்போது கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறான். எல்லாருக்கும் இப்படி இடம் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனால் வெறும் வாயால் "தூசு ஒத்துக்கல" என்று சொல்வதற்கும், தினசரி நம்பரோடு கடிதத்தை நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

எல்லாரும் எந்த நாளும் ஊதலாம் என்றும் நினைக்கக் கூடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கண், மூளை, நெஞ்சு, வயிறு இவற்றில் சமீபத்தில் ஒபரேசன் செய்தவர்கள், இருமலில் இரத்தம் வருகிறவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் பிடித்தவர்கள், இரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணில் வெள்ளை எடுத்த அடுத்த கிழமையே திகதி வந்திருக்கிறது என்று போய்விடாதீர்கள், பலமாக ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கடும் தடிமன், காய்ச்சல் என்றாலும் தள்ளிப்போடுவது நல்லது.

நம்ம குளிருக்கும் இதில் பங்கு இருக்கிறது. நெஞ்சிலிருந்து வருகிற காற்று 37 பாகைச் சூட்டில் வருகிறது, மெஷினுக்குள் போனதும் குளிர்ந்து சுருங்கும், அதை மெஷின் அறையின் வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போட்டுத் திருத்துகிறது. அறை 17 பாகைக்குக் கீழே போனால் அளவு தவறலாம் என்று பழைய வழிகாட்டல்களில் இருக்கிறது, நுவரெலியாவில் தை மாதக் காலையில் அது சர்வசாதாரணம். நாமாக ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் காலை முதல் ஆளாகப் போவதை விடக் கொஞ்சம் வெயில் ஏறின பிறகு நம்பர் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு நாளும் 3 லீற்றர் சிரிஞ்சு ஒன்றால் மெஷினைச் சரிபார்ப்பார்கள், அதைச் செய்துகொண்டிருக்கும்போது தாமதம் என்று முணுமுணுக்காமல் இருந்தால் நமக்குத்தான் நல்லது.

கடைசியாக ரிப்போர்ட். பல மெஷின்களில் அது பஸ் டிக்கெட் மாதிரியான வழுவழுப்பான தாளில்தான் வரும், அந்த எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும், அடுப்புப் பக்கம் வைத்தால் இன்னும் சீக்கிரம். அன்றைக்கே ஹட்டன் டவுனில் இரண்டு போட்டோகொப்பி எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பியில் ஒட்டிவிட்டு, ஃபோனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஊதும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிட அந்தப் பழைய நம்பர்தான் வேண்டும், அதுவும் மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்ற இரண்டும், கூடவே அந்த வளைகோடும்.